சுங்கவரி இல்லாத எல்லையில் பிரிட்டன் கொடுக்கும் விலை

2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் வர்த்தக, ஒத்துழைப்பு உடன்பாட்டை எட்டின. இரு தரப்புக்கும் இடையே போய்வரும் சரக்குக்குச் சுங்கவரி கிடையாது, அளவு வரம்பும் கிடையாது என்பது அதன் சாரம். எட்டே நாளில், 2021 ஜனவரி 1 அன்று, அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு மாதத்தில் பிரிட்டன் ஒன்றியத்துக்கு அனுப்பிய சரக்கின் மதிப்பு முந்தைய மாதத்தைவிட 40.7% சரிந்தது. அங்கிருந்து வந்தது 28.8% குறைந்தது. டிசம்பரிலேயே வாங்கிக் குவித்து வைத்ததும் கொரோனா முடக்கமும் அந்தச் சரிவில் கலந்திருந்தன. அடுத்த மாதங்களில் பெரும்பகுதி மீண்டும் வந்தது. ஆனாலும் ஒரு பென்னி வரிகூட இல்லாத எல்லையில் சரக்கு ஏன் தேங்கியது என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறிய பிரெக்சிட்டின் பொருளாதார விளைவுகளைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது. வெளியேற்றம் பற்றிய அரசியல் விவாதம் பெரும்பாலும் சுங்கவரியைச் சுற்றியே நடந்தது. எல்லையில் பணத்தைத் தின்பது பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கிறது.

விட்டு வந்தவை இரண்டு

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. முதலாவது சுங்க ஒன்றியம். உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வரி போடுவதில்லை. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி விகிதத்தை வைக்கிறார்கள். ராட்டர்டாம் துறைமுகத்தில் ஒரு முறை வரி கட்டி உள்ளே வந்த பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று பிறகு யாரும் கேட்பதில்லை. இரண்டாவது, 1993 ஜனவரி 1 முதல் இயங்கும் ஒற்றைச் சந்தை. பொருளின் தரம், பாதுகாப்பு, உணவுச் சுகாதாரம், வேதிப்பொருள் பதிவு எல்லாவற்றுக்கும் பொது விதிகள். அவற்றை மேற்பார்வையிடப் பொது நீதிமன்றம். விதி ஒன்றாக இருப்பதால் எல்லையில் சோதிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. சேவை, மூலதனம், வேலைதேடி நகரும் மனிதர்கள் ஆகியவையும் இதே சந்தைக்குள் அடக்கம்.

இரண்டில் ஒன்றில் மட்டும் இருக்கும் நாடுகளும் உண்டு. நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி தொழிற்பொருள்களுக்கு மட்டும் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. அதனால்தான் துருக்கி–பல்கேரியா எல்லையில் லாரி வரிசை நீள்வது வாடிக்கை. பிரிட்டன் இரண்டையும் விட்டு வந்தது. 2020-இன் உடன்பாடு முதல் ஏற்பாட்டின் ஒரு பகுதியை, நிபந்தனையோடு, திருப்பித் தந்தது. இரண்டாவதில் அது திருப்பித் தந்தது மிகச் சொற்பம்.

நிபந்தனை: பொருள் எங்கே பிறந்தது?

அந்த நிபந்தனைதான் உற்பத்தி மூல விதி. சுங்கவரி விலக்கு பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ 'உருவான' பொருளுக்கு மட்டுமே. இந்த விதி இல்லாவிட்டால் மூன்றாம் நாட்டுப் பொருள் வரி குறைந்த பக்கமாக உள்ளே நுழைந்து மறுபக்கம் போய்விடும். ஆகவே சுங்க ஒன்றியம் இல்லாத எந்தத் தடையற்ற வர்த்தக உடன்பாட்டிலும் இது இருந்தே தீரும்.

நடைமுறையில் இது எப்படி உறுத்துகிறது என்று பார்க்கலாம். பெட்ரோல் கார் ஒன்று விலக்குப் பெற வேண்டுமானால் அதன் மதிப்பில் குறைந்தது 55% இரு தரப்பிலிருந்தும் வந்திருக்க வேண்டும். ஜப்பான் கியர்பெட்டியும் துருக்கி இருக்கையும் அந்தக் கணக்கில் சேராது. அந்த நாடுகளோடு இரு தரப்புக்குமே தனித்தனி உடன்பாடு இருந்தாலும் சேராது. விகிதம் தவறினால் 10% வரி. ஆலையை நடத்துபவர் ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் அதை அனுப்பியவரிடம் மூலச் சான்று வாங்கி வைக்க வேண்டும். ஏற்றுமதி செய்தவர் அந்த ஆவணங்களை 4 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பின்னாளில் தணிக்கை வந்து சான்று போதாது என்று தெரிந்தால் வாங்கியவர் பழைய வரியைக் கட்ட நேரிடும். இந்தத் தலைவலிக்குப் பயந்து, விலக்குக்குத் தகுதி இருந்தும் வரியைக் கட்டிவிட்டுப் போகும் சிறு நிறுவனங்கள் உண்டு. வரி விகிதம் 2% அல்லது 3% தான் என்றால் அது முட்டாள்தனமும் அல்ல. சான்று திரட்டும் செலவு சில நேரம் வரியைவிட அதிகம்.

கிடங்கு வைத்துப் பங்கிட்டு அனுப்புபவர்களுக்கு அடி வேறு விதமாக விழுந்தது. வெளியேறும்வரை பல சில்லறை நிறுவனங்கள் ஐரோப்பா முழுவதற்குமான சரக்கை இங்கிலாந்தில் இறக்கிப் பிரித்து அனுப்பின. சீனாவில் தைத்த சட்டை பிரிட்டனுக்குள் வரும்போது ஒரு வரி, அங்கிருந்து அயர்லாந்துக்குப் போகும்போது இன்னொரு வரி என்று இப்போது ஆயிற்று. பெட்டியைப் பிரித்து அடுக்குவதும் லேபிள் ஒட்டுவதும் 'உருவாக்கம்' ஆகாது என்று விதியே சொல்கிறது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விற்கும் பெர்சி பிக் மிட்டாய் இதற்கு உதாரணமாக 2021 ஜனவரியில் செய்திகளில் அடிபட்டது. ஜெர்மனியில் செய்தது, பிரிட்டனுக்கு வந்தது, அப்படியே அயர்லாந்து கடைக்குப் போனது. ஒன்றியத்தில் பிறந்து ஒன்றியத்துக்கே திரும்பும் மிட்டாய் வழியில் பிரிட்டன் கிடங்கில் இறங்கியதால் வரிப் பிடியில் சிக்கிற்று. இதற்குத் தீர்வாக நிறுவனங்கள் செய்தது ஒன்றே: நெதர்லாந்திலோ அயர்லாந்திலோ இரண்டாவது கிடங்கு திறந்தார்கள். அந்த வேலையும் வாடகையும் பிரிட்டனை விட்டுப் போயின.

ஒரு பெட்டி பாலாடைக்கட்டியின் பயணம்

இனி ஒற்றைச் சந்தையை விட்டதன் செலவு. சுங்க ஒன்றியத்தை விட்டதால் வந்த ஆவணங்களும் இதே பயணத்தில் சேர்ந்துகொள்ளும். 2020-இல் இங்கிலாந்தின் சாமர்செட்டிலிருந்து ஜெர்மனிக்குப் பாலாடைக்கட்டி அனுப்ப விலைப்பட்டியலும் லாரியும் போதும். 2021 முதல் அதே பெட்டிக்கு என்னென்ன தேவை என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் நிறுவனத்துக்குச் சுங்கப் பதிவு எண். பிறகு பொருளுக்குரிய சரக்குக் குறியீட்டு எண்; ஏற்றுமதிக்கு 8 இலக்கம், இறக்குமதிக்கு 10 இலக்கம். இதில் ஓர் இலக்கம் பிசகினால் வரி விகிதம், சுகாதார விதி எல்லாம் பிசகும். அடுத்து பிரிட்டன் பக்கம் ஏற்றுமதி அறிக்கை. அதைத் தாக்கல் செய்யும் மென்பொருளும் பயிற்சியும் சிறு உற்பத்தியாளரிடம் இருக்காது, எனவே சுங்க முகவருக்குக் கட்டணம். விலைப்பட்டியலில் உடன்பாடு சொல்லும் சொற்களிலேயே மூல அறிவிப்பு. பால்பொருள் என்பதால் ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ். அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் சரக்கைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இந்தச் சான்றிதழுக்கு மட்டும் ஒரு சரக்குக்கு 200 பவுண்டு வரை ஆகிறது. ஒன்றியத்தின் கணினி அமைப்பில் சரக்கு வரும் முன்பே அறிவிப்பு. பிரான்ஸின் கலே துறைமுகத்தில் உள்ள எல்லைச் சோதனை நிலையத்தில் ஆவணச் சோதனை, சில நேரம் பெட்டியைத் திறந்து சோதனை. ஒன்றியத்துக்குள் இறக்குமதி அறிக்கை. அதை அங்கே நிலைகொண்ட ஒருவர்தான் பொறுப்பேற்றுத் தாக்கல் செய்யலாம். கடைசியில் அந்த நாட்டு மதிப்புக்கூட்டு வரி, அதை யார் கட்டுவது என்பதற்கு முன்கூட்டிய ஒப்பந்தம். இதைப் பேசி வைக்காமல் அனுப்பிய பெட்டிகள் 2021-இல் வாங்கியவர் வாசலில் மறுக்கப்பட்டுத் திரும்பின.

மரத்தட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. சரக்கு அடுக்கும் மரப் பாலெட்டுகள் மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது இருக்கும்படி சூடேற்றப்பட்டு, அதற்கான முத்திரையோடு இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொருள் சரியாக இருந்தும் தட்டு சரியில்லை என்று நின்ற லாரிகள் உண்டு. சான்றிதழில் கையெழுத்தும் முத்திரையும் அச்சு மையிலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் முதல் வாரங்களில் பலரைக் கவிழ்த்தது.

மிகப் பெரிய சிக்கல் கூட்டுச் சரக்கில். முழு லாரிக்குச் சரக்கு இல்லாத சிறு உற்பத்தியாளர்கள் இருபது, முப்பது பேரின் பெட்டிகளை ஒரே லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் வழக்கம். இப்போது ஒரே ஒருவரின் சான்றிதழில் பிழை இருந்தால் மற்றவர்களின் சரக்கும் அதே லாரியில் காத்திருக்கும். குளிர்பதனப் பொருளுக்கு ஒரு நாள் தாமதம் என்றால் கடை அலமாரியில் ஒரு நாள் ஆயுள் போயிற்று. அதனால் லாரி நிறுவனங்கள் உணவுப் பொருளைக் கூட்டுச் சரக்கில் ஏற்றவே தயங்கின. ஏற்றியவர்கள் கூடுதல் வாடகை கேட்டார்கள்.

சில பொருள்களுக்கு ஆவணமும் உதவவில்லை, வாசலே மூடிவிட்டது. வெளி நாடுகளிலிருந்து குளிரூட்டிய பச்சைத் தொத்திறைச்சி, கொத்திறைச்சிக் கலவைகளை ஒன்றியம் அனுமதிப்பதில்லை. விதை உருளைக்கிழங்கும் அப்படியே. ஸ்காட்லாந்து விவசாயிகளுக்கு அது பெரிய சந்தை. இரண்டாம் தர நீரில் வளர்ந்த மட்டி, சிப்பிகளை உயிரோடு அனுப்பி அங்கே சுத்திகரித்து விற்பது பழைய முறை. வெளி நாடு ஆனபின் அனுப்பும் முன்பே தொட்டியில் சுத்திகரிக்க வேண்டும் என்றாயிற்று. தொட்டியில் 42 மணி நேரம், தொட்டி கட்ட முதலீடு, அதற்குள் உயிர்ப்பும் விலையும் குறைதல். வெளியேற்றத்தால் அதிகம் ஆதாயம் பெறுவார்கள் என்று சொல்லப்பட்ட மீன்பிடித் துறையில்தான் இது நடந்தது. பிரிட்டன் பிடிக்கும் மீனின் பெரும்பகுதி ஐரோப்பியச் சந்தைக்குப் போவது. கடலில் கூடுதல் பங்கு கிடைத்தாலும், விற்கும் இடத்தில் புதிய கதவு வந்துவிட்டது.

இந்தச் செலவுகளின் தன்மையைக் கவனிக்க வேண்டும். சுங்கவரி மதிப்புக்கு ஏற்ப ஏறும், இறங்கும். ஆவணச் செலவு அப்படி இல்லை, பெட்டி பெரிதோ சிறிதோ ஏறத்தாழ ஒன்றுதான். கணக்குக்காக ஒரு முறை அனுப்ப 400 பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 40,000 பவுண்டு சரக்குள்ள முழு லாரிக்கு அது 1%. ஆயிரம் பவுண்டு பெட்டிக்கு 40%. எந்தச் சுங்கவரியும் 40% என்றால் ஊரே கொந்தளித்திருக்கும். ஆவணமாக வந்ததால் அது புள்ளிவிவரத்தில் வரியாகத் தெரியவில்லை.

லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள் நிறுவனவாரிச் சுங்கத் தரவை வைத்து 2024 டிசம்பரில் வெளியிட்ட முடிவு இதைத்தான் காட்டுகிறது. ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நிறுவனங்களில் 16,400, அதாவது சுமார் 14%, அந்த வேலையையே விட்டுவிட்டன. பெரிய நிறுவனங்களின் ஏற்றுமதி பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அடி சிறியவற்றின் மேல் விழுந்தது. 2019-இல் பிரிட்டனின் சுங்க வாரியமே சுங்க அறிக்கைகளால் மட்டும் பிரிட்டன் நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 750 கோடி பவுண்டு கூடுதல் சுமை வரும் என்று மதிப்பிட்டிருந்தது. சுகாதாரச் சான்றிதழும் மூலச் சான்றும் அந்தத் தொகையில் இல்லை.

எதிர்த்திசையில் மூன்று ஆண்டுத் தாமதம்

ஒன்றியம் முதல் நாளிலிருந்தே முழுச் சோதனை நடத்தியது. பிரிட்டன் தன் பக்கத்துச் சோதனைகளை ஐந்து முறை தள்ளிப்போட்டது. இறைச்சி, பால்பொருள் போன்றவற்றுக்கு 2024 ஜனவரி 31 முதல்தான் சுகாதாரச் சான்றிதழ் கேட்டது. ஏப்ரல் 30 முதல்தான் பெட்டியைத் திறந்து பார்த்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டும் பிரான்ஸ் பாலாடைக்கட்டி பிரிட்டனுக்குள் சுலபமாக வர, பிரிட்டன் பாலாடைக்கட்டி மட்டும் மறுபக்கம் வரிசையில் நின்றது. கடை அலமாரி காலியாகக் கூடாது, விலை ஏறக் கூடாது என்பதற்காக அரசு எடுத்த முடிவு அது. நுகர்வோர் நலன் கருதினால் புரிந்துகொள்ளலாம். ஆனால் சொந்த உற்பத்தியாளருக்கு அநீதி என்றே அதைச் சொல்ல வேண்டும். போதாததற்கு, சோதனை நிலையங்கள் கட்டத் துறைமுகங்களும் அரசும் போட்ட பணத்தில் ஒரு பகுதி பயன்படாமலே கிடந்தது.

சோதனை வந்தபோது டோவர் துறைமுகம், கடலடிச் சுரங்கரயில் வழியாக வரும் சரக்குக்கு ஒரு பொருள் வகைக்கு 29 பவுண்டு, ஒரு சரக்குக்கு அதிகபட்சம் 145 பவுண்டு என்று கட்டணமும் வந்தது. இதிலும் சிறு பூ வியாபாரியும் உயர்ரக உணவுக் கடைக்காரரும்தான் முதலில் அடிபட்டார்கள். 2019 டிசம்பரிலிருந்து 2023 மார்ச் வரை பிரிட்டனில் உணவு விலை ஏறத்தாழ 25% ஏறியது. எல்லைத் தடைகள் இல்லாதிருந்தால் அந்த ஏற்றம் 8 சதவீதப் புள்ளி குறைந்திருக்கும் என்பது அதே லண்டன் பொருளாதாரப் பள்ளியின் கணக்கு. எஞ்சியது உக்ரைன் போர், எரிசக்தி விலை போன்ற உலகப் பொதுக் காரணங்கள்.

எல்லை வருவதற்கு முன்பே நடந்த சேதம்

2016 ஜூன் 23 இரவு, ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்ற பொதுவாக்கெடுப்பின் வாக்கு எண்ணிக்கை தொடங்கியபோது ஒரு பவுண்டு 1.50 டாலரைத் தொட்டது. விடியும்போது 1.35-க்குக் கீழே, 1985-க்குப் பிறகு கண்டிராத தாழ்வு. 51.9% பேர் வெளியேற வாக்களித்திருந்தார்கள். நாணயம் இறங்கினால் ஏற்றுமதி மலிவாகி விற்பனை கூடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்த அளவுக்கு நடக்கவில்லை. காரணம், பிரிட்டன் ஏற்றுமதி செய்யும் பொருளுக்குள்ளேயே இறக்குமதி உதிரிபாகம் நிறைய. நாணயம் இறங்கியதும் அதன் செலவு ஏறியது. நாளை எந்த விதியில் விற்கப்போகிறோம் என்று தெரியாதபோது புதிய சந்தைக்காக ஆலையை விரிவாக்க யாரும் துணியவில்லை. விலைவாசி மட்டும் கணக்குப்படி நடந்துகொண்டது: 2016 ஜூனில் 0.5% ஆக இருந்த பணவீக்கம் 2017 நவம்பரில் 3.1%.

ஆழமான புண் முதலீட்டில். 2016 நடுப்பகுதியிலிருந்து 2019 இறுதிவரை பிரிட்டனின் தொழில் முதலீடு நகரவே இல்லை என்று சொல்லலாம். வெளியேறும் அறிவிப்பு 2017 மார்ச் 29-இல் கொடுக்கப்பட்டது. இரண்டு ஆண்டில், 2019 மார்ச் 29-இல், வெளியேற வேண்டும். அது ஏப்ரல் 12 ஆயிற்று, பிறகு அக்டோபர் 31, பிறகு 2020 ஜனவரி 31. ஒவ்வொரு கெடுவுக்கும் முன்னால் நிறுவனங்கள் கிடங்கு வாடகைக்கு எடுத்துச் சரக்கைக் குவித்தன. கெடு தள்ளிப்போனதும் அதைத் தின்று தீர்த்தன. ஆக்ஸ்ஃபோர்டில் மினி கார் செய்யும் பிஎம்டபிள்யூ ஆலை, எல்லைக் குழப்பத்தைத் தவிர்க்கத் தன் கோடைக்கால ஆண்டுப் பராமரிப்பு விடுமுறையை 2019 ஏப்ரலுக்கு முன்கொண்டுவந்தது. உதிரிபாகம் வழங்குபவர்கள் எல்லோரும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். கடைசி நேரத்தில் வெளியேற்றம் தள்ளிப்போயிற்று, விடுமுறையைத் தள்ளிவைக்க முடியவில்லை. இப்படி வீணான நாள்களுக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் தனி வரி கிடையாது.

பின்பற்ற முன்மாதிரி ஏதும் இல்லை என்பதும் நிச்சயமின்மையை வளர்த்தது. 1985-இல் கிரீன்லாந்து அன்றைய ஐரோப்பியச் சமூகத்தை விட்டுப் போனது. மீனைத் தவிரப் பேசுவதற்குப் பெரிதாக ஏதும் இல்லாத அந்த வெளியேற்றத்துக்கே வாக்கெடுப்பிலிருந்து மூன்று ஆண்டு ஆயிற்று.

சேவைத் துறை: எதிர்பார்த்ததைவிட நன்று, ஆனால்

பிரிட்டன் முதன்மையாகச் சேவை விற்கும் நாடு. ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கும் மேல் நிதி, சட்டம், ஆலோசனை, காப்பீடு போன்றவையே. இவற்றைப் பற்றி 2020 உடன்பாட்டில் மிகக் குறைவாகவே இருக்கிறது. ஒற்றைச் சந்தைக்குள் இருந்தவரை லண்டனில் உரிமம் பெற்ற வங்கி அதே உரிமத்தோடு ஒன்றியம் முழுவதும் தொழில் செய்யலாம். 'பாஸ்போர்ட்டிங்' என்ற இந்த உரிமையை 5,400-க்கும் மேற்பட்ட பிரிட்டன் நிறுவனங்கள் வைத்திருந்தன. 2020 டிசம்பர் 31 நள்ளிரவோடு அது போயிற்று. வங்கிகள் டப்ளின், பிராங்க்பர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாமில் துணை நிறுவனம் தொடங்கி, மூலதனத்தையும் ஆள்களையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியிலேயே ஐரோப்பியப் பங்கு வணிகத்தில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது. ஐரோப்பிய மருந்து முகமை லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும், ஐரோப்பிய வங்கி ஆணையம் பாரிஸுக்கும் அதற்கு முன்பே போய்விட்டன.

ஆனாலும் லண்டன் காலியாகிவிடும் என்ற ஆரூடம் பலிக்கவில்லை. வெளியேற்றத்துக்குப் பிறகு சேவை ஏற்றுமதி நன்றாகவே வளர்ந்தது. ஆலோசனையும் மென்பொருளும் இணையம் வழியே போகின்றன. அவற்றுக்குப் பாலெட்டும் கால்நடை மருத்துவரும் தேவையில்லை. நேரில் போய்ச் செய்ய வேண்டிய சேவைகள்தான் திணறுகின்றன. இசைக்குழு சுற்றுப்பயணம் போனால் ஒவ்வொரு நாட்டுக்கும் வேலை அனுமதி விதி வேறு. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். பிரிட்டன் லாரி ஒன்றியத்துக்குள் சில இறக்கங்களுக்கு மேல் செய்ய முடியாது.

தொழிலாளர்: எண்ணிக்கை குறையவில்லை, ஆட்கள் மாறினார்கள்

ஐரோப்பியர்கள் தடையின்றி வந்து வேலை செய்யும் உரிமை 2020-ஓடு முடிந்தது. 2021 முதல், அயர்லாந்து நாட்டவரைத் தவிர, எல்லா நாட்டவருக்கும் திறன், சம்பளம் போன்றவற்றுக்குப் புள்ளி தந்து விசா கொடுக்கும் முறை. திறன் தொழிலாளர் விசாவுக்குச் சம்பள வரம்பு 25,600 பவுண்டு, 2024 ஏப்ரலில் 38,700. குடியேற்றம் குறையும் என்றுதான் மக்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேரெதிர். 2023 நடுப்பகுதியோடு முடிந்த ஆண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து செவிலியர், முதியோர் பராமரிப்பாளர், மாணவர் வந்தார்கள். ஐரோப்பியர்களில் வந்தவர்களைவிடப் போனவர்கள் அதிகம்.

இதில் பொருளாதாரச் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்தவர்கள் கிடங்கு, லாரி, இறைச்சிக் கூடம், பழத்தோட்டம் என்று வேலை இருக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். விசாவில் வருபவர் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டவர். 2021 இலையுதிர்காலத்தில் டேங்கர் ஓட்டுநர் இல்லாமல் பெட்ரோல் நிலையங்கள் வறண்டபோது அரசு அவசரமாக 5,000 தற்காலிக ஓட்டுநர் விசாவை அறிவித்தது. சில மாதத்துக்கு மட்டும் என்பதால் வர விரும்பியவர்கள் மிகக் குறைவு. ஓட்டுநர் தட்டுப்பாடு அப்போது ஐரோப்பா முழுவதும் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மற்ற நாடுகளால் பக்கத்து நாட்டிலிருந்து ஆளை அழைத்துக்கொள்ள முடிந்தது.

வட அயர்லாந்து

பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கு, ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசோடு சுமார் 500 கிலோமீட்டர் நிலஎல்லை. பல பத்தாண்டு வன்முறையை முடித்த 1998-இன் புனித வெள்ளி உடன்பாட்டின் அமைதி அங்கே சோதனைச் சாவடி இல்லாததைச் சார்ந்தது. எனவே சரக்கைப் பொறுத்தவரை வட அயர்லாந்து ஒன்றியத்தின் சந்தை விதிகளிலேயே தொடர்கிறது. சோதனை கடலுக்கு, அதாவது பிரிட்டனுக்குள்ளேயே, இடம் மாறியது. 2023 பிப்ரவரியின் விண்ட்சர் ஏற்பாடு, வட அயர்லாந்தில் விற்று முடியும் சரக்குக்குப் பச்சைப் பாதை, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை என்று பிரித்தது. பச்சைப் பாதையில் போகும் உணவுப் பொட்டலங்களில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்ற வாசகம் அச்சாகிறது. தெற்கே, அயர்லாந்து லாரிகள் இங்கிலாந்து வழியே ஐரோப்பா போவதைக் குறைத்துக்கொண்டன. ராஸ்லேர் துறைமுகத்திலிருந்து பிரான்ஸுக்கு நேர்க் கப்பல்கள் பெருகின.

மொத்தத்தில் எவ்வளவு?

பிரிட்டனின் அரசு நிதிநிலைப் பொறுப்பு அலுவலகம் சொல்லும் எண்ணே அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. ஒன்றியத்தில் தொடர்ந்திருந்தால் இருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிட, ஏற்றுமதியும் இறக்குமதியும் நீண்டகாலத்தில் 15% குறைவு. அதன் விளைவாக உற்பத்தித்திறன் 4% குறைவு. இந்த 4% எந்த ஒரு ஆண்டிலும் ஒரே அடியாக வருவதில்லை. பொருளாதாரம் வளர்ந்துகொண்டே இருக்கும், வளர்ந்திருக்கக்கூடிய அளவுக்கு வளராது. நடக்காமல் போன முதலீட்டை யாரும் புகைப்படம் எடுக்க முடியாது. ஒரு தலைமுறை கழித்துத்தான் வித்தியாசம் தெரியும்.

2025 நவம்பரில் அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வகம் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது: தனிநபர் உற்பத்தி 6 முதல் 8% வரை குறைவு, முதலீடு 12 முதல் 18% வரை குறைவு. இவற்றை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 2016-க்கு முன் பிரிட்டனைப் போலவே நகர்ந்த மற்ற நாடுகளின் எண்களைச் சேர்த்து ஒரு 'நிழல் பிரிட்டனை' உருவாக்கி, பிறகு உண்மையான பிரிட்டனோடு ஒப்பிடுவது ஒரு வழி. தனித்தனி நிறுவனங்களின் பதில்களிலிருந்து கூட்டிவருவது இன்னொரு வழி. நிழல் முறையில் ஒரு பலவீனம் உண்டு. தொழில்நுட்பத் துறையால் வேகமாக வளர்ந்த அமெரிக்கா கலவையில் இருந்தால் நிழல் அளவுக்கு மீறி நீளும். கொரோனாவும் எரிசக்தி நெருக்கடியும் எல்லா நாட்டையும் ஒரேபோல் தாக்கவில்லை. எனவே 8% என்பதை உறுதியான எண்ணாக எடுத்துக்கொள்ளத் தயங்கலாம். இழப்பு உண்டு என்பதில் தீவிரமாக ஆராய்ந்தவர்களிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை, அளவில்தான் தகராறு.

ஒன்றியத்துக்குக் கட்டிய பணம் மிச்சமாயிற்றே என்பது நியாயமான கேள்வி. வாரம் 35 கோடி பவுண்டு என்று பிரச்சாரப் பேருந்தில் எழுதியிருந்தார்கள். பிரிட்டனுக்கு உரிய தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. அந்தத் தள்ளுபடிப் பணம் நாட்டை விட்டுப் போனதே இல்லை. தள்ளுபடியும், விவசாய மானியம் போன்றவையாகத் திரும்பி வந்ததும் கழித்தால், கடைசி ஆண்டுகளில் நிகரச் செலவு ஆண்டுக்கு 900 கோடி பவுண்டை ஒட்டி. மறுபக்கம், 2022-இல் பிரிட்டனின் ஆண்டு உற்பத்தி சுமார் 2.5 லட்சம் கோடி பவுண்டு. அதில் 4% என்றால் 10,000 கோடி. உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல் வரியாக அரசுக்கு வருகிறது என்று கொண்டால், 4% முழுதாக விழுந்து முடியும்போது கருவூலம் இழப்பது 3,500 கோடியை ஒட்டி இருக்கும். தோராயக் கணக்குதான், ஆனால் 900 கோடி அதன் பக்கத்தில் வராது. வெளியேறும்போது பழைய கடப்பாடுகளுக்காகக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை வேறு. 3,500 முதல் 3,900 கோடி பவுண்டு என்று கருவூலம் அப்போது மதிப்பிட்டது.

புதிய உடன்பாடுகள் இதை ஈடுசெய்யுமா? அரசின் சொந்த மதிப்பீடுகளே பதில் சொல்கின்றன. ஆஸ்திரேலிய உடன்பாடு நீண்டகாலத்தில் பிரிட்டன் உற்பத்தியை 0.08% கூட்டும். பசிபிக் நாடுகளின் வர்த்தகக் கூட்டணியில் சேர்ந்ததற்கு முதலில் சொன்னதும் 0.08% தான். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய உடன்பாடு இவற்றில் பெரியது, 0.13%. தூரம்தான் காரணம். மற்றவை சமமாக இருந்தால் தூரம் இரட்டிப்பாகும்போது வர்த்தகம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பல பத்தாண்டுத் தரவுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. டோவரிலிருந்து பிரான்ஸ் கரை 33 கிலோமீட்டர்.

தனியாக இருப்பதன் ஆதாயம் ஒரு முறை தெளிவாகத் தெரிந்தது. 2025-இல் அமெரிக்கா உலகம் முழுவதற்கும் வரி விதித்தபோது பிரிட்டனுக்குப் பொது விகிதம் 10%. ஒன்றியத்துக்குப் பேச்சுவார்த்தைக்குப் பின் 15%. வெளியேறாதிருந்தால் பிரிட்டனுக்கும் 15% தான். இதை வெளியேற்றத்தின் வரவுப் பக்கத்தில் எழுதுவதே நேர்மை.

திரும்பத் திறக்கும் கதவுகள்

2023-இலிருந்து பிரிட்டன் துண்டு துண்டாகப் பாதையைத் திருத்தி வருகிறது. ஐரோப்பாவின் சிஇ தர முத்திரைக்குப் பதிலாகத் தனி முத்திரையைக் கட்டாயமாக்கும் திட்டத்தை 2023 ஆகஸ்டில் பெரும்பாலான பொருள்களுக்குக் கைவிட்டது. இரண்டு முறை பரிசோதனைக்குப் பணம் கட்ட எந்த உற்பத்தியாளரும் தயாராக இல்லை. ஒன்றியத்தின் ஹொரைசன் ஆராய்ச்சித் திட்டத்தில் 2024 ஜனவரி 1 முதல் மீண்டும் இணைந்தது. 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில், உணவு, விலங்கு, தாவரச் சுகாதாரத்தில் பொது விதிகளைப் பின்பற்றுவதற்கான உடன்பாட்டைப் பேச இரு தரப்பும் இசைந்தன. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கும் அனுமதியை 2038 வரை நீட்டியதும் அதே நாளில்தான். அந்தச் சுகாதார உடன்பாடு நடைமுறைக்கு வந்தால் மேலே சொன்ன பாலாடைக்கட்டிக்குக் கால்நடை மருத்துவர் சான்றிதழ் தேவைப்படாது. ஒன்றியத்தின் உணவு விதிகள் மாறும்போது பிரிட்டனும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவற்றை எழுதும் மேசையில் அதற்கு வாக்கு இருக்காது. சுங்க அறிக்கை, மூல அறிவிப்பு, மதிப்புக்கூட்டு வரிக் கணக்கு ஆகியவை அப்படியே இருக்கும், ஏனென்றால் அவை சுங்க ஒன்றியத்தையும் ஒன்றியத்தின் பொது மதிப்புக்கூட்டு வரி ஏற்பாட்டையும் விட்டதால் வந்தவை.

சுங்கப் பக்கத்தில் ஒரு கெடு நெருங்குகிறது. மின்சாரக் காருக்கான மூல விதி 2024-இலேயே கடுமையாக வேண்டியது. பேட்டரி ஆலைகள் தயாராகாததால் 2026 டிசம்பர் 31 வரை பழைய 40% விகிதத்தையே நீட்டித்தார்கள், மேற்கொண்டு நீட்டிப்பு இல்லை என்றும் எழுதிவைத்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் காரின் மதிப்பில் 55% இரு தரப்பிலும் உருவானதாக இருக்க வேண்டும், பேட்டரியும் இரு தரப்பில் உருவானதாக இருக்க வேண்டும். ஒரு மின்சாரக் காரின் விலையில் மிகப் பெரிய ஒற்றைப் பங்கு பேட்டரிதான். ஆசியாவிலிருந்து வரும் மின்கலத்தோடு பிரிட்டனில் செய்த கார் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தால் 10% வரி கட்டும்.